ஸோகிச்சிக்குப் பதினாறு வயதான சீசன்

என் தம்பி ஹஸ்மியைப் பற்றிப் புத்தளம் தில்லையடியில் ஓடுகிற ஒரு கதையை முதலில் நிறுத்த வேண்டும். டீவியில் வருகிற அந்த ஜப்பான் கார்ட்டூன் பொடியனுக்கு ஆறு வருடமாகக் குரல் கொடுத்தது அவன்தான் என்று இன்னமும் சிலர் சொல்லித் திரிகிறார்கள். அவன் கொடுக்கவில்லை. கொடுக்க அவனுக்கு ஏலவும் ஏலாது. கொடுத்தது அவன் மனைவி மர்ஷூதா. நான் ஹஸ்மியின் ராத்தா, பெயர் ஸுஹைரா. அபாயா தைத்து விற்கிறேன். நான் யாருக்கும் பயந்தவள் இல்லை என்பதால் நடந்ததை நானே சொல்கிறேன்.

மர்ஷூதா நேசரி டீச்சர். முப்பத்தாறு வயது, மெலிந்த உடம்பு. பெரியவர்களுக்கு முன்னால் வாய் திறந்தால் பக்கத்தில் நிற்கிறவருக்கே பாதிதான் கேட்கும். தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம்களை விரட்டியபோது மன்னார்ப் பக்கம் முசலியிலிருந்து கைக்குழந்தையாக வந்து, இங்கே முகாமில் வளர்ந்தவள். எங்கள் உம்மா உம்மு குல்சூம் புத்தளத்துப் பழைய குடும்பம். அந்தப் பெருமையைப் படுக்கும்போதும் கழற்றி வைக்க மாட்டார். ஹஸ்மி சோறு தண்ணீர் இல்லாமல் கிடந்த பிறகுதான் கல்யாணத்துக்குத் தலையாட்டினார். அதற்குப் பிறகும் மருமகளைப் பற்றிப் பேச்சு வந்தால் 'அவள்' என்பார், கோபம் வந்தால் 'அகதிப் புள்ள' என்பார். மர்ஷூதா பதில் சொல்லாமல் தேநீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போவாள். அது உம்மாவுக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பும். "வாய்க்குள்ள என்னத்த வச்சிரிக்கா? ஊமைக்கொட்டான்!" என்பார்.

ஆனால் நேசரிப் பிள்ளைகளுக்கு நடுவில் அவளைப் பார்க்க வேண்டும். நரி, காகம், பல் போன கிழவன், அழுமூஞ்சிப் பிள்ளை எல்லாம் அந்த ஒரு தொண்டைக்குள் இருந்து வரும். சேட்டை பண்ணுகிற பொடியனை அவனுடைய குரலிலேயே அதட்டுவாள். அவன் திடுக்கிட்டு உட்கார்ந்துவிடுவான்.

கொரோனா ஊரடங்கில் எல்லாரும் வீட்டுக்குள் கிடந்தபோது, கொழும்பில் கார்ட்டூன்களுக்குத் தமிழ்க் குரல் போடுகிற ஒரு நிறுவனம், வீட்டிலிருந்தே குரல் பதிந்து அனுப்பக்கூடியவர்கள் வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தது. மர்ஷூதா விளையாட்டுக்கு ஹஸ்மியின் போனிலிருந்து பேசி அனுப்பினாள். மறுநாளே அழைப்பு வந்துவிட்டது. அங்கே பொறுப்பாக இருந்தவள் ஜூலியானா என்ற சிலாபத்துக்காரி. "ஹஸ்மி இருக்காரா?" என்று கேட்டவளுக்கு ஒரு பெண் பதில் சொன்னதும் சிரித்துவிட்டாளாம். மர்ஷூதா அப்போதே கெஞ்சினாள்: "மிஸ், என்ட பேர் போட வேணாம். போனில இரிக்கிற பேரே இரிக்கட்டும்."

ஏன் என்று ஊர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஒரு பெண்ணின் குரல் நாடு முழுக்கக் கேட்பதா என்று நேசரிக் கமிட்டியில் ஒருவர் கேட்டால் போதும், அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் நாலு பேர் கேட்பார்கள். உம்மா கேட்கவே வேண்டாம், வீட்டையே தலைகீழாக்கிவிடுவார். ஜூலியானாவுக்கு அது விளங்கியது. அப்படித்தான் நிகழ்ச்சியின் கடைசியில் மின்னலாக ஓடுகிற பெயர்களுக்குள் அந்தக் கார்ட்டூன் பொடியன் ஸோகிச்சிக்கு நேரே எம். ஹஸ்மி என்று வந்தது. அதை யார் படிக்கிறார்கள்? ஊரில் விஷயம் தெரிந்தது ஹஸ்மிக்கும் எனக்கும் அவர்களுடைய மகளுக்கும் மட்டும்தான்.

தொடரின் பெயர் 'காற்றுக் கப்பல்'. ஜப்பானில் எத்தனையோ வருடமாக ஓடுகிறதாம், இன்னும் முடிந்தபாடில்லை. ஸோகிச்சி என்று பன்னிரண்டு வயதுப் பொடியன். அவனுடைய அம்மாவைக் காற்றுப் பிறக்கிற தீவுக்கு யாரோ கொண்டுபோய்விட்டார்கள். அவன் பறக்கிற கப்பலொன்றில் ஏறித் தீவு தீவாகத் தேடுகிறான். ஒவ்வொரு சீசனிலும் ஒரு புதுத் தீவு, ஒரு புது ராட்சசன், கடைசியில் பார்த்தால் அம்மா அங்கே இல்லை. நான் இப்படிச் சொன்னால் மர்ஷூதாவுக்கு முகம் சுருங்கும். "கதை அது இல்ல மதினி. போற வழியில ஆரையெல்லாம் காப்பாத்துறான், அதுதான் கதை" என்பாள். சரி, இருக்கட்டும்.

வேலை நடந்தது ஹஸ்மியின் வீட்டில், ஒரு அலுமாரிக்குள். எங்கள் வாப்பா காலத்துப் பெரிய அலுமாரி. அதன் தட்டுகளைக் கழற்றி, என் தையல் அறையில் மிஞ்சிய துணித் துண்டுகளைத் தலையணையாகத் தைத்து உள்ளே சுற்றிவர அடித்தோம். மர்ஷூதா மைக்கோடும் போனோடும் அதற்குள் ஒரு ஸ்டூலில் இருந்து கதவைச் சாத்திக்கொள்வாள். வேர்த்துக் குளித்து வெளியே வருவாள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் வேலை இரட்டிப்பு. ஆலங்குடாவில் பட்டத்தைப் பிடித்துக் கடலில் ஓடுகிற வெள்ளைக்காரர்களுக்கு அந்தக் காற்று கொண்டாட்டம். கூரைத் தகரத்துக்குக் கீழே குரல் பதிகிறவளுக்கு அது முஸீபத்து. சுற்றிவர மூன்று பள்ளிவாசல்களின் பாங்கு இருக்கிறது. அதனால் மத்தியான லுஹர் தொழுகைக்கும் பின்னேர அஸர் தொழுகைக்கும் இடையில், தெரு தூங்குகிற நேரம்தான் அவளுடைய நேரம்.

தெரு தூங்கும், கழுதைகள் தூங்காது. புத்தளத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். வெயில் ஏறினால் எங்கள் மதில் நிழலுக்கு நாலைந்து கழுதைகள் வந்து நிற்கும், நினைத்தால் கத்தும். ஒரு நாள் பேய்த்தீவுக் காட்சியில் ஸோகிச்சி "யார் அங்கே?" என்று கேட்க, கழுதை ஒன்று சரியாக அந்த இடத்தில் பதில் சொல்லிவிட்டது. மர்ஷூதா மன்னிப்புக் கேட்டு மறுபடி பதியப் போனாள். ஜூலியானா விடவில்லை, அதையே பேயின் குரலாக வைத்துவிட்டாள். அந்தப் பேய்க்குப் பயந்து என் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மூன்று நாள் கக்கூசுக்குத் தனியாகப் போகவில்லை.

சண்டைக் காட்சியென்றால் முதலில் முற்றத்தில் ஓடுவாள், மூச்சு வாங்கினால்தான் குரலில் மூச்சு இருக்கும். நீரிழிவுக்கு ஓடுகிறாள் என்று அக்கம்பக்கம் நினைத்தது. அடி விழுகிற இடத்தில் தன் வயிற்றில் தானே குத்திக்கொள்வாள். அந்தப் பொடியனோ எந்த நேரமும் தின்கிறவன், அதற்குக் காய்ந்த பாண் துண்டு கடிப்பாள். நோன்பு காலத்தில் என்ன செய்வது? தின்கிற காட்சிகளை மட்டும் ஒதுக்கி வைத்து, நோன்பு திறந்த கையோடு அலுமாரிக்குள் ஓடுவாள். நானும் ஹஸ்மியும் கஞ்சி குடித்துக்கொண்டிருப்போம், உள்ளே ஸோகிச்சி மலைப்பாம்பு இறைச்சி தின்றுகொண்டிருப்பான். "அஸ்தஃபிருல்லாஹ், அது ஹராமான சாமானாச்சே" என்று ஹஸ்மி சிரிப்பான். இந்த ஆறு வருடத்தில் நான் அவளைச் சந்தோஷமாகப் பார்த்ததெல்லாம் அந்த அலுமாரிக் கதவு திறக்கும்போதுதான்.

இதில் பெரிய வேடிக்கை எங்கள் உம்மா. நானும் உம்மாவும் அதே ஒழுங்கையில் வேறு வீட்டில் இருக்கிறோம். அஸர் தொழுதுவிட்டுத் தொழுகை உடுப்போடேயே கதிரையில் உட்கார்ந்து உம்மா 'காற்றுக் கப்பல்' பார்ப்பார். ஒரு நாள் தவறமாட்டார். அந்தப் பொடியன் "அம்மா!" என்று கூப்பிட்டால் அந்த உடுப்பின் நுனியால் கண்ணைத் துடைப்பார். "யா அல்லாஹ், இந்தப் புள்ளக்கு அதுட உம்மாவக் காட்டிக் குடு" என்று கையேந்தித் துஆ கேட்பார். அது படம் என்று சொன்னால் எனக்குத்தான் ஏச்சு. அந்த நேரம் மர்ஷூதா ஏதாவது கொண்டுவந்து கொடுத்தால், "அங்க வச்சிட்டுப் போ, மறைக்காத" என்பார். அவள் வைத்துவிட்டுப் போவாள், நான் உதட்டைக் கடித்துக்கொண்டு இருப்பேன்.

போன வருடம் ஜூலியானா, ரகசியத்தை ஒருவரிடமும் சொல்லாமல், புருஷனோடு மெல்பேர்னுக்குப் போய்விட்டாள். அவளுடைய இடத்துக்குக் கனகசுந்தரம் என்று ஒருவர் வந்தார். உடப்பைச் சேர்ந்தவர், வேலையில் கெட்டிக்காரராம். அவர் வந்த கையோடு பதின்மூன்றாவது சீசனும் வந்தது.

மர்ஷூதா அன்று என் தையல் அறைக்கு வந்து மெஷினுக்குப் பக்கத்தில் நின்றாள். அவள் முகத்தைப் பார்த்ததும் எந்த வீட்டிலோ சாவு, யாரோ மௌத் என்றுதான் நினைத்தேன்.

"மதினி, ஸோகிச்சிக்கு வயசு போயிட்டு."

"எத்தின வயசு?"

"பதினாறு. இந்த சீசன்ல கதை நாலு வருஷம் தாண்டுது. உசரமா வளந்திட்டான். மீசையும் அரும்பிரிக்கி."

"வளரட்டுமே. உனக்கென்ன?"

போனை நீட்டினாள். கனகசுந்தரம் எழுதியிருந்தார். 'அன்புள்ள ஹஸ்மி, சிறுவன் இப்போது வாலிபன். இனி நீங்கள் குரலை மெல்லிதாக்க வேண்டியதில்லை. கடவுள் உங்களுக்குக் கொடுத்த சொந்தத் தொண்டையால் பேசி ஒரு மாதிரி அனுப்புங்கள். பொருந்தாவிட்டால் வேறு ஆளைத் தேட வேண்டிவரும்.' மர்ஷூதா ஏற்கெனவே ஒரு முறை பேசி அனுப்பியிருக்கிறாள், குரலைக் கொஞ்சம் தடிக்கவைத்து. 'இது இன்னும் நடிப்பு. உங்கள் சொந்தக் குரல்தான் வேண்டும்' என்று பதில் வந்திருக்கிறது.

"அது என்ட சொந்தக் குரல்தானே மதினி," என்றாள். கண் நிறைந்துவிட்டது.

உண்மையைச் சொல்லிவிடு என்றேன் நான். சொன்னால் பொம்பிளைக் குரல் வேண்டாம் என்றுவிடுவார், ஊருக்கும் தெரிந்துவிடும், ஒன்றுக்கு இரண்டு நட்டம் என்றாள். பேச்சைக் கேட்டுக்கொண்டே உள்ளே வந்த ஹஸ்மிக்கு அப்போதுதான் அந்த மகா யோசனை உதித்தது.

"நான் பேசி அனுப்புறன்," என்றான். "என்ட குரலக் கேட்டா அந்த மனிசன் ஓடிருவான். பழைய குரலே போதுமெண்டு காலில விழுவான். பிறகு நீயே பேசு."

இந்த இடத்தில் என் தம்பியின் குரலைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவன் உப்பு லொறி ஓட்டுகிறவன். அதோடு எங்கள் பள்ளிவாசலில் ஜனாஸா அறிவித்தல், அதாவது மரணச் செய்தி, சொல்கிறதும் அவன்தான். கிணற்றுக்குள் இருந்து வருகிற மாதிரிக் கனத்த குரல். ஒலிபெருக்கியில் அவன் "அஸ்ஸலாமு அலைக்கும்" என்று தொடங்கினாலே தில்லையடி முழுக்கச் செய்கிற வேலையைப் போட்டுவிட்டு, சாவு கேட்டால் சொல்கிற "இன்னாலில்லாஹி" சொல்லும். கல்யாண வீட்டில் அவன் சலாம் சொன்னால்கூட மனிதர்கள் ஒரு கணம் பார்ப்பார்கள். அந்தக் குரலில் ஒரு கார்ட்டூன் கதாநாயகன் பேசுவதை யாராவது ஏற்பார்களா? நானும் அப்படித்தான் நினைத்தேன். நல்ல யோசனை என்று தலையாட்டியும் விட்டேன்.

அவனுடைய உடம்பு அலுமாரிக்குள் போகவில்லை. கதவைத் திறந்துவைத்து, பாதி உள்ளே பாதி வெளியே உட்கார்ந்து, எழுதிக் கொடுத்ததை வாசித்தான். "நான் திரும்பி வந்துவிட்டேன். இனி ஒருவரும் பயப்பட வேண்டாம்." எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது, எந்த வீட்டு மையித்தோ என்று. மர்ஷூதா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அனுப்பினோம்.

பதில் அரை நாளில் வந்தது. 'அருமை! நான் தேடிய குரல் இதுதான். இப்படி ஒரு குரலை இத்தனை காலம் ஒளித்து வைத்திருந்தீர்களே ஹஸ்மி.'

மூன்று பேரும் அந்தப் போனைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அதில் ஒரு ஆளுக்கு மட்டும் வாயோரத்தில் சிரிப்பு முளைத்ததை நான் கண்டேன். புகழ்ச்சி யாரைத்தான் விட்டது? "என்ன செய்ய, அவங்களுக்குப் புடிச்சிட்டு," என்றான் ஹஸ்மி. மர்ஷூதா போய் அரிசி கழுவினாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்தது கொடுமை. லொறியால் வந்து ஹஸ்மி அலுமாரி வாசலில் உட்காருவான். மர்ஷூதா பக்கத்தில் நின்று எங்கே மூச்செடுக்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும், ஸோகிச்சி எந்த இடத்தில் கோபப்பட மாட்டான் என்று சொல்லிக் கொடுப்பாள். அவளுடைய பிள்ளையை அவளே குளிப்பாட்டி இன்னொருத்தர் கையில் கொடுத்த மாதிரி. ஒரு நாள் தாங்காமல் கேட்டிருக்கிறாள், "என்ட பொடியன எடுத்துட்டீங்கதானே?" என்று. "நான் கேட்டனா? நீயும் ராத்தாவும் சேந்துதானே அனுப்பினீங்க!" என்று அவன் கத்தியிருக்கிறான். அடுத்த வீட்டுக்காரி யாருக்கு மௌத் என்று மதிலால் எட்டிப் பார்த்தாளாம்.

சீசன் தொடங்கிய நாள் உம்மா கதிரையை டீவிக்கு இன்னும் கிட்ட இழுத்துப் போட்டார். கப்பல் இறங்கியது, தூசி பறந்தது. உயரமான ஒருவன் குதித்து, முகத்தைத் திருப்பி, வாயைத் திறந்தான். "நான் திரும்பி வந்துவிட்டேன்."

"இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்," என்றார் உம்மா. "ஆரு மௌத்து? ஜன்னலத் திறந்து கேளு புள்ள."

எங்கள் வீட்டில் மட்டும் இல்லை. அந்த நேரம் டீவி பார்த்த அத்தனை வீட்டிலும் இதே கூத்து. பிறகுதான் ஒவ்வொருவராக விளங்கியது. ஒழுங்கை முழுக்கச் சத்தம், "அது நம்மட ஹஸ்மிடா!" என்று. போன் ஓயவில்லை. யாரோ கெட்டிக்காரன் கடைசிப் பெயர்களை நிறுத்திப் படித்துவிட்டான். பழைய சீசன்களையும் தேடிப் பார்த்தான். அங்கேயும் எம். ஹஸ்மி. ஊர் தீர்ப்புச் சொல்லிவிட்டது, ஆறு வருடமும் பேசியது அவன்தான் என்று. ஹஸ்மி இல்லை என்று சொல்லவில்லை. சொன்னால் மர்ஷூதா மாட்டிக்கொள்வாள் என்று அவன் பயந்தான், அது உண்மை. ஆனால் அவன் அந்தப் பேச்சை ரசித்தான் என்பதும் உண்மை. என் தம்பி என்பதற்காக நான் மறைக்க மாட்டேன்.

உம்மாவைப் பிடிக்க முடியவில்லை. "என்ட புள்ளயா இவ்வளவு காலமும் அம்மா, அம்மாண்டு கூப்பிட்டது! எனக்கு அப்பவே மனசு சொன்னிச்சு," என்று வட்டிலப்பம் அவித்து வீடு வீடாகக் கொடுத்தனுப்பினார். ஆனால் அஸருக்குப் பிறகு கதிரையில் உட்கார்ந்ததும் பாதி முகம் வாடிவிடும். "ஹஸ்மி நல்லாத்தான் கதைக்கிறான். எண்டாலும் அந்தச் சின்னப் பொடியன்ட சத்தம் இல்லாம என்னமோ மாதிரி இரிக்கிடீ," என்பார் என்னிடம்.

வாழ்த்த வந்தவர்களுக்கெல்லாம் தேநீர் ஊற்றியது யார்? மர்ஷூதாதான். குசினியில் வைத்து அவள் கையைப் பிடித்தேன். "சொல்லித் துலைப்பமா புள்ள? எனக்கு நெஞ்சு வெடிக்கிது."

"சொல்லி என்ன மதினி," என்றாள். "பேரும் அவர்ட. இப்ப குரலும் அவர்ட. என்டதெண்டு காட்ட எனக்கிட்ட என்ன இரிக்கி?"

நான் கேத்தலை அவள் கையிலிருந்து வாங்கி மிச்சக் கோப்பைகளுக்கு ஊற்றினேன்.

பிறகு கனகசுந்தரமே வந்தார். கோயில் திருவிழாவுக்கு உடப்புக்கு வந்தவர், அப்படியே புத்தளத்துக்கு ஏறி, ஹஸ்மியைப் பிடித்துக் கொஞ்சம் வீடியோ எடுத்துப்போகிறேன் என்று சொல்லியிருந்தார். விஷயம் பரவி, அவர் வரும்போது ஹஸ்மியின் வீட்டு ஹோலில் கால் வைக்க இடமில்லை. பள்ளிவாசல் நிர்வாகத்திலும் நேசரிக் கமிட்டியிலும் இருக்கிற அஸ்ஜத் ஹாஜியார் நடுக் கதிரையில். உம்மா புதுச் சேலை உடுத்து வாசல் ஓரமாக. நானும் மர்ஷூதாவும் ஹோலுக்கும் குசினிக்கும் நடுவில் தொங்குகிற திரைக்குப் பின்னால், பெட்டிஸ் தட்டுகளோடு.

கனகசுந்தரம் நல்ல மனிதர், சிரித்த முகம். போனை ஒரு கம்பத்தில் பூட்டி வைத்துவிட்டு, "ஹஸ்மி, சின்ன ஒரு விஷயம்தான்," என்றார். "முதல்ல சின்ன ஸோகிச்சியா ஒருக்கா 'அம்மா'ண்டு கூப்பிடுங்க. பிறகு பெரியவனா. அவ்வளவும் போதும். பாக்கிற சனம் அசந்து போகும்."

திரையின் இடுக்கால் என் தம்பியின் கழுத்து வேர்ப்பதைப் பார்த்தேன். அவன் செருமினான், தண்ணீர் கேட்டுக் குடித்தான். கண்ணை மூடிக்கொண்டு "அம்மா" என்றான். பள்ளி ஒலிபெருக்கியேதான். பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தான். கனகசுந்தரம் நெற்றியைச் சுருக்கினார். "தடிமனா? தொண்டை கட்டிட்டா?"

"செய்யன் மகன்," என்றார் உம்மா. "வெக்கப்படாத. எனக்குக் கூப்பிடுற மாதிரி ஒருக்கா கூப்பிடு. எவ்வளவு நாளாகுது அந்தச் சத்தத்தக் கேட்டு."

ஹஸ்மி மறுபடி வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. ஹோலில் சிரிப்பும் நின்றது. "இவர்தானா பேசினது?" என்று அஸ்ஜத் ஹாஜியார் பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டது குசினி வரைக்கும் கேட்டது. பொய்யன் என்ற பெயரோடு இந்த ஊரில் ஜனாஸா அறிவிக்க முடியாது. என் தம்பி தலையைக் குனிந்துகொண்டான். எனக்கு அவன்மேல் அவ்வளவு கோபம் இருந்தும் பாவமாக இருந்தது.

பக்கத்தில் தட்டு வைக்கிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் மர்ஷூதா திரைக்கு நேரே நிமிர்ந்து நிற்கிறாள். வாயைத் திறந்தாள், பன்னிரண்டு வயதுப் பொடியன் ஒருவன் கணீரென்று பேசினான்.

"அவரை விடுங்கள்! அவருக்கு அது வராது. ஸோகிச்சி நான்தான்!"

ஹோலில் இருந்த பிள்ளைகள்தான் முதலில் கத்தினார்கள், "ஸோகிச்சி! ஸோகிச்சி!" என்று. கனகசுந்தரம் கதிரையை விட்டு எழுந்துவிட்டார். ஹஸ்மி தலையை நிமிர்த்தி, அந்தக் கனத்த குரலில், தெருவுக்கே கேட்கச் சொன்னான்: "அது என்ட பொஞ்சாதி. ஆறு வருஷமும் அவதான். என்ட பேர்ல அவதான். நான் இப்ப வந்தவன்."

திரை விலகியது. உள்ளே வந்தது உம்மா. மர்ஷூதா சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"நீயா?" என்றார் உம்மா.

அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

"எனக்கு முன்னால ஒருநாளாவது சத்தமா 'மாமி'ண்டு கூப்பிட்டிரிக்கியாடீ? அங்க போய் அம்மா அம்மாண்டு கதறுற! நானும் பைத்தியக்காரி மாதிரி ஒவ்வொரு அஸருக்கும் உனக்கு துஆ கேட்டிரிக்கன். தெரியுமா உனக்கு?"

"தெரியும் மாமி," என்றாள் மர்ஷூதா. எனக்கே சரியாகக் கேட்கவில்லை. "அதுக்காகத்தான் அந்த இடத்தில ஒவ்வொரு முறையும் நல்லா கூப்பிடுவன்."

உம்மா முந்தானையால் தன் மூக்கைத் துடைத்தார். அவளுடைய கன்னத்தையும் அதே முந்தானையால் ஒரு இழுப்பு இழுத்தார், நேசரிப் பிள்ளைக்குச் செய்கிற மாதிரி முரட்டுத்தனமாக.

வெளியில் கனகசுந்தரம் பேசிக்கொண்டிருந்தார். இந்த சீசனில் பெரியவனின் குரலை இனி மாற்ற ஏலாது, பாதி ஓடிவிட்டது என்றார். ஆனால் வருகிற கிழமைகளில் சின்ன வயசு ஞாபகம் நிறைய வருகிறது, அதற்கு யாரைப் பிடிப்பது என்று தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன், அதெல்லாம் இனி ஹஸ்மியின் மனைவியுடைய வேலை என்றார். அடுத்த சீசனைப் பிறகு பார்ப்போம் என்றும் சொன்னார். ஆகக் கிடைத்தது பாதிதான். அதையும் நான் கூட்டிச் சொல்ல மாட்டேன்.

"ஒரு விஷயம் மட்டும்," என்றார் பிறகு. "பேர மாத்தணும். என்ன பேர் போட?"

அஸ்ஜத் ஹாஜியார் செருமினார். "பேர் என்னத்துக்குத் தம்பி. பொம்பிளப் புள்ள. புருஷன்ட பேர்தானே போகுது, அப்படியே போகட்டும். குத்தமில்ல." ஹோலில் சிலர் ஆமாம் போட்டார்கள். ஹஸ்மி என்னவோ சொல்லத் தொடங்கினான்.

உம்மா திரையை விலக்காமலேயே குரல் கொடுத்தார். "ஹாஜியார், உங்களுக்கிட்ட ஆரும் கேக்கல்ல. தம்பி, நீங்க எழுதுங்க. மர்ஷூதா."

மர்ஷூதாவின் கை என் முழங்கையைப் பிடித்தது, நகம் பதிகிற மாதிரி.

"மர்ஷூதா... சரி," என்றார் கனகசுந்தரம். "மிச்சம்?"

உம்மா வாயைத் திறந்தார், மூடினார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவளுடைய வாப்பா முகாமில் இருந்தபோதே மௌத்தாகிவிட்டார். நிக்காஹ்வுக்கு வாப்பாவின் இடத்தில் வலியாக நின்றது அவளுடைய பெரிய நானா, மூத்த அண்ணன். நிக்காஹ் கடதாசியில் வாப்பாவின் பெயர் எங்கோ இருக்கும். ஆனால் எங்கள் குடும்பத்தில் ஒருவரும் அதை ஒரு நாளும் கேட்டதில்லை, நான் உட்பட.

உம்மா அவளைப் பார்த்தார். கீழே பார்த்தார். திரும்ப அவளைப் பார்த்தார்.

"ஒன்ட வாப்பாட பேர் என்ன புள்ள?"

மர்ஷூதா என் கையை விட்டாள்.

"பதியுதீன்," என்றாள். பொடியனுடைய குரலில் இல்லை, அவளுடைய குரலில். "முசலிப் பதியுதீன்ட மகள் மர்ஷூதா."

உம்மா அதை வெளியே சொல்வதற்காகத் திரையின் பக்கம் திரும்பினார். அதற்குள் ஹோலின் அந்த மூலையிலிருந்து கனகசுந்தரம், "கேட்டுது அம்மா, எழுதிட்டன்," என்றார்.